ஒட்டுக்கேட்பவர்களுக்குச் சொன்னது

ஜனவரி 9

வாயாடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்திருக்கும். கிழித்து அடுப்பில் போடாமல் பிரித்தாயே, அதுவே பெரிது.

போன் செய்யலாம் என்றால் உன் வீட்டில் போனே கிடையாது என்கிறார்கள். இந்தக் காலத்தில் போன் இல்லாமல் ஒரு தையல் கடை எப்படி ஓடுகிறது என்று வேறு யாராவது கேட்கலாம். நான் கேட்க முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மகன் உயிரோடு இருக்கிறான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீயும் குடித்துவிட்டு மேலே படி.

எல்லைக்கு அப்பால், முள்வேலி போட்ட ஒரு முகாமில் இருக்கிறான். அவன் போய்ச் சேர்ந்த கும்பல் உடைந்தபோது சரணடைந்தவர்களை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். போன வருடம் வரைக்கும் நம் அரசாங்கத்தின் பேச்சு ஒன்றுதான்: போனவன் போனவனாகவே இருக்கட்டும், பாஸ்போர்ட்டை ரத்து செய், கோப்பை மூடு. இப்போது அது மாறிவிட்டது. திரும்பி வர விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போட்டால் நாமே போய்க் கூட்டி வருகிறோம். இங்கே விசாரணை உண்டு. தப்பு செய்திருந்தால் தண்டனையும் உண்டு. அது முடிந்ததும் ஒரு இல்லத்தில் வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். உன் மகன் துப்பாக்கி தூக்கவில்லை. ஏசி மெக்கானிக் படிப்பு அங்கேயும் அவனுக்குக் கைகொடுத்திருக்கிறது. ஜெனரேட்டர் ரிப்பேர் பார்த்திருக்கிறான். தண்டனை பெரிதாக இருக்காது.

நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இவனைத் தவிர. ஏன் என்று கேட்ட அதிகாரியிடம் ஒரே வரி சொல்லியிருக்கிறான்: "எங்கம்மா வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

மார்ச் மாதத்தோடு பட்டியலை மூடுகிறார்கள். உன் குரலைப் பதிவு செய்து அவனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார்கள். நான் ஓய்வு பெற்றவன்தான், ஆனாலும் ஆலோசகன் என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உன்னைக் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. வேறு யாராவது வந்து கேட்பதைவிட நான் கேட்பதே மேல் என்று நினைத்தேன். அது சரியா என்று இப்போது தெரியவில்லை.

அண்ணன்


ஜனவரி 17

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மகன் உயிரோடு இருக்கும் தகவலைத் தெரிவித்ததற்கு நன்றி.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை.

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த மறுநாள் மத்தியானம் எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் லாரியை நிறுத்தி, மீசை முளைத்த பிள்ளை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனீர்கள். என் பிள்ளை காலில் செருப்புக்கூட இல்லை. துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தலை துவட்டின ஈரம் காயாமல் போனான். நீ போலீஸ் துறையில் பெரிய அதிகாரி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். "என் தங்கச்சி பையனை மட்டும் விட்டா மத்த அம்மாங்க என்னை என்ன சொல்லுவாங்க?" என்றாய். அன்றைக்கு அதைப் பெரிய நியாயம் மாதிரி சொன்னாய். மழைக்காலம் முழுக்க, பிடித்த பிள்ளைகளை நீங்கள் அடைத்து வைத்த கிடங்கில் கிடந்தான். போகும்போது அவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை. திரும்பி வந்தபோது அவன் வாயில் வேறு ஆட்களின் பேச்சு இருந்தது. அந்த ஆட்களை அவனுக்குப் பழக்கி வைத்தது நான் இல்லை. உங்கள் கிடங்குதான் ஒரே கூரைக்குள் போட்டுப் பழக்கி வைத்தது.

அவன் எல்லை தாண்டிப் போன அன்றைக்கும் ஈரத்துண்டு கட்டில் மேல்தான் கிடந்தது. அப்படிப் போன பிறகு நீ கடைக்கு வந்தாய். இடுப்புப் பிடிக்கிறது, கால்சட்டையைப் பெரிதாக்க வேண்டும் என்று. நான் டேப்பை உன் இடுப்பில் சுற்றும்போது குனிந்து, "போன்ல ஆள் இருக்கு, பார்த்துப் பேசு" என்று சொல்லிவிட்டுப் போனாய். கால்சட்டையை வாங்கக்கூட வரவில்லை. அது இன்னும் இங்கேதான் இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம்தான் அவன் கூப்பிட்டான். "அம்மா, நான் திரும்பி வந்துடட்டுமா?" என்றுதான் ஆரம்பித்தான். எனக்கு மண்டைக்குள் நீ சொன்ன ஆள் மட்டும்தான் தெரிந்தான். "உனக்கு அம்மா இல்ல, எனக்குப் பிள்ளை இல்ல, இந்த வாசல்ல காலை வெச்சா நானே போலீசைக் கூப்பிடுவேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நான் பிள்ளையிடம் பேசவில்லை அண்ணா. உங்கள் ஆளிடம் பேசினேன். கேட்பவன் நம்ப வேண்டும் என்று கத்தினேன். கேட்பவன் நம்பினானோ இல்லையோ, பிள்ளை நம்பிவிட்டான்.

அதற்கப்புறம் நான் போனைத் தொட்டதில்லை. பக்கத்து வீட்டம்மாளிடம் பேசுவதென்றால்கூட மிஷினை ஓட்டிக்கொண்டுதான் பேசுகிறேன். அவளுக்கு நான் கொஞ்சம் கழன்றவள் என்று எண்ணம்.

முதலில் என் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். பிறகு அவன் குரலைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். இப்போது என் குரலும் வேண்டுமா? யோசித்துச் சொல்கிறேன்.

என்னை வாயாடி என்று கூப்பிட வேண்டாம். அவள் செத்து நாளாகிறது.


ஜனவரி 24

தங்கச்சிக்கு,

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியாது. ஆனால் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. பேருந்து நிலையத்தில் என் ஜீப் டிரைவரை நான்தான் தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. "சார், வண்டிச் சாவி என் பாக்கெட்ல இருக்கு" என்றான். அன்றைக்கு எந்தத் தெருவை வளைக்கச் சொன்னாலும் வளைத்திருப்பேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது: மொத்தமாக அள்ளு, பிறகு சலித்துப் பார். சலிப்பதற்குள் எத்தனை பேர் வேறு ஆளாக மாறிவிடுவார்கள் என்று பாடத்தில் இல்லை.

அடுத்த வருடமே மேலே இருப்பவர்களுக்கு ஞானம் வந்தது. அள்ள அள்ளக் கூடுகிறார்கள், அதனால் அள்ளாதே, கேள் என்றார்கள். எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். என் வலது காது இப்போது சுத்தமாகப் போய்விட்டது. டாக்டர் வயசு என்கிறார். நான் ஊர்க்காரர்களின் குடும்பச் சண்டை என்கிறேன். ஆயிரம் வீட்டுப் பேச்சைக் கேட்டதில் எத்தனை குண்டைப் பிடித்தோம் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றிரண்டு. ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த ஒன்றிரண்டில் ஒன்று பள்ளிக்கூட வாசலில் வெடித்திருக்கும்.

அப்புறம்தான் பாஸ்போர்ட் ரத்து. போனவன் வரவே கூடாது. இப்போது வீட்டாரோடு பேசு, அம்மாவைத் தேடு என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழைய வழி தப்பு என்று சுற்றறிக்கை வரும். பழைய சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே ஆள்தான் இதிலும் போட்டிருப்பார். வருத்தம் என்ற வார்த்தையை நான் ஒன்றிலும் பார்த்ததில்லை.

எங்களுக்கு வகுப்பு எடுப்பது ஒரு மனநல ஆலோசகர். என் மகள் வயதுதான். பழைய இன்ஸ்பெக்டர்களைக் கூப்பிட்டு நடிக்கச் சொல்லுவாள்: நீங்க அம்மா, நீங்க பையன், பேசுங்க. எங்கள் கூட்டத்தில் ஒரு பெரிய மீசைக்காரர் உண்டு, பெயரைக் கேட்டாலே ரௌடிகள் ஊரைக் காலி செய்வார்கள். அவருக்கு அம்மா வேடம். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர், "சாப்பிட்டியாப்பா?" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் பேச முடியாமல் வெளியே போய்விட்டார். திரும்பி வந்து கண்ணில் தூசி என்றார். யாரும் அப்புறம் சிரிக்கவில்லை.

இந்தப் பெண் நல்லவள். அவளை நம்பு. என்னை நம்ப வேண்டாம்.

அண்ணன்


பிப்ரவரி 4

அண்ணாவுக்கு,

போய்ப் பேசிவிட்டு வந்தேன். உனக்காக இல்லை.

தரையெல்லாம் கம்பளம் விரித்த அறை. கதவைச் சாத்தியதும் காது அடைத்துக்கொண்டது. அந்தப் பெண் டீ வாங்கிக் கொடுத்தாள், ஆறும் வரை ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளை எனக்கும் பிடித்தது. ஆனால் கூட இருந்த அதிகாரி ஒரு தாளை நீட்டி, மேலிடத்தில் பார்த்து ஒப்புக்கொண்டது, இப்படியே வாசித்தால் போதும் என்றார்.

"அன்பு மகனே, அரசு உனக்கு நல்லதொரு வாய்ப்பை அளித்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டு தாயகம் திரும்புவாயாக." இப்படி ஒரு பக்கம். என் பிள்ளையை நான் ஒரு நாளும் அன்பு மகனே என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட்டால் எனக்குக் காய்ச்சலா என்று கேட்பான். ஆனாலும் வாசித்தேன். அந்தக் கருவியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழையபடி ஆகிவிட்டது. எதிரே இருக்கும் அதிகாரி திருப்தியாகத் தலையாட்டுகிறாரா என்று பார்த்துப் பார்த்து வாசித்தேன்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றார். அந்தப் பெண் மட்டும் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டாள்.

அவனிடமிருந்து பதில் வந்தால் உடனே எழுது. கால்சட்டை விஷயம் கோபத்தில் எழுதினேன். அதைப் பெரிதாக்கி எப்போதோ முடித்துவிட்டேன். இப்போது உனக்கு அதுவும் பற்றாதோ என்னமோ.


பிப்ரவரி 15

தங்கச்சிக்கு,

நல்ல செய்தி இல்லை. உன் பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசி வரை கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, "இது உங்களுக்காகப் பேசினது. அன்னிக்கு போன்ல பேசினாங்களே, அதுதான் எங்கம்மா எனக்குச் சொன்னது" என்றிருக்கிறான். கையெழுத்துப் போடாமலே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எப்படித் தலைகீழாகப் போய்விட்டது பார்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் நீ மறுபடி எட்டு வருடம் பேசமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் அவனைக் கொண்டுவர இது ஒன்றுதான் வழி என்று படுகிறது.

அவன் கூப்பிட்ட அன்றைக்குக் காதில் மாட்டிக்கொண்டிருந்தது நான்தான். உன் வீட்டு லைனை வேறு யாரிடமும் விடக்கூடாது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ கத்த ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நாடகம் என்று. உனக்கு நிஜமாகவே கோபம் வந்தால் நீ கத்தமாட்டாய். குரல் இறங்கிவிடும், மரியாதை ஏறிவிடும். சின்ன வயதில் நான் உன் பென்சிலை உடைத்தபோது, "வாங்க துரை, திருப்தியா?" என்றாயே, அந்தக் கோபம்தான் நிஜம். அவனையும் நீ அப்படித்தான் திட்டுவாய், எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு அன்றைக்குப் பத்தொன்பது வயது, பயந்துபோயிருந்தான்.

நான் எழுதிக்கொடுத்தது இது: தாய் உறவை முறித்துக்கொண்டார், இனி இந்த வீட்டைக் கண்காணிக்கத் தேவையில்லை. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். நீ போனை வைத்த பிறகும் அவன் வைக்கவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டான். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டான். அதைக் கேட்டது நான் ஒருவன்தான். அதை நான் எழுதவில்லை, ஏனென்றால் அதில் துறைக்கு வேண்டிய தகவல் எதுவும் இல்லை.

இன்னொரு முறை பேசு. அவர்கள் தாளை வாங்காதே. உனக்கு அவன் மேல் இருக்கிற நிஜக் கோபத்தைப் பேசு.

அண்ணன்


பிப்ரவரி 27

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழா வரப்போகிறது, மலைபோலச் சட்டைத்துணி குவிந்து கிடக்கிறது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பிள்ளை இரண்டு தடவை அம்மா என்று கூப்பிட்டதை நீ எட்டு வருடம் காதில் வைத்திருந்திருக்கிறாய். அது எனக்கு வந்த அழைப்பு. அதை என்னிடம் கொடுக்க உனக்கு இத்தனை நாள் ஆயிற்று. உன்னை எப்படித் திட்டுவது என்றே தெரியவில்லை. ரொம்ப நன்றி துரை. இந்தத் தடவை நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணை வீட்டுக்கே வரச் சொன்னேன். கம்பள அறைக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். தனியாக வந்தாள். கருவியின் மேல் ஒரு துணித்துண்டைப் போட்டு மூடினேன், விளக்கு தெரியாமல். மிஷினை ஓட்டிக்கொண்டே பேசினேன். பேசியது இதுதான், நீயும் தெரிந்துகொள். எப்படியும் கேட்டிருப்பாய்.

"என்ன துரை, வீட்டுக்கு வழி மறந்துபோச்சா? இல்ல, வண்டி கட்டி அனுப்பணுமா? ஈரத்துண்டைக் கட்டில் மேல போட்டுட்டுப் போனீங்களே, யார் எடுத்துக் காயப்போடுவாங்கன்னு நெனச்சீங்க? மெத்தை ஊறிப்போச்சு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன். வந்து உங்க கையால எடுத்துக் கொடியில போடுங்க, அதுவரைக்கும் வேற துண்டு கிடையாது. டேய், அன்னிக்கு போன்ல கத்தினேனே, அது உனக்கு இல்லடா. போலீசு கேட்டுட்டு இருந்துச்சு. அவங்களுக்குக் கத்தினேன். நான் கத்துறவளா? உனக்குப் புரியும்னு நெனச்சேன். உனக்கும் பயம், எனக்கும் பயம், யாரு என்ன பேசினோம்னே தெரியல. நீ ரெண்டு தடவை அம்மான்னு கூப்பிட்டியாமே. எனக்கு இப்பத்தான் வந்து சேர்ந்துச்சு. என்னடா, சொல்லு. வா, வந்து சொல்லு."

அந்தப் பெண் கருவியை அணைத்துவிட்டு, துணித்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது புதுச் சட்டைக்கு வெட்டி வைத்த காலர். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.


மார்ச் 12

தங்கச்சி,

கையெழுத்துப் போட்டுவிட்டான்.

துண்டு என்ற இடம் வந்ததும் சிரித்தானாம். இன்னொரு தடவை போடச் சொன்னானாம். மூன்றாவது தடவை கேட்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான் என்று முகாமில் இருக்கும் அதிகாரி எழுதியிருக்கிறார். அதிகாரிகள் இப்போது இதையெல்லாம் எழுதுகிறார்கள்.

"போலீசு கேட்டுட்டு இருந்துச்சு" என்ற வரியை வெட்டிவிடலாம், துறைக்கு அழகில்லை என்று இங்கே ஒரு பேச்சு வந்தது. வெட்டினால் ராஜினாமா செய்துவிடுவேன் என்றேன். ஓய்வு பெற்றவன் எதை ராஜினாமா செய்வது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வரி தப்பித்தது.

அண்ணன்


ஜூன் 6

அண்ணாவுக்கு,

பார்த்துவிட்டேன்.

உனக்கு எப்படிச் சொல்வது? ஆள் பாதியாகிவிட்டான். முன்தலையில் முடி இல்லை. கையில் பழைய தீக்காயத் தழும்பு. அதைத் தொட்டுப் பார்த்தேன். விசாரணை முடிந்துவிட்டது, இல்லத்தில் இருக்க வேண்டிய காலம்தான் பாக்கி, நல்லபடி நடந்துகொண்டால் அதிலும் குறையும் என்றார்கள். பார்வையாளர் அறை சுத்தமாக இருந்தது. மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலில் வெளிச்சம். அந்தப் பெண், "இங்க யாரும் கேட்கமாட்டாங்கம்மா, மனசு விட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் நல்லா இருக்கேம்மா. இங்க சாப்பாடு நல்லா இருக்கு. எல்லாரும் மரியாதையா நடத்துறாங்க. நான் செஞ்சது தப்புன்னு உணர்ந்துட்டேன். அரசாங்கத்துக்கு நன்றியோட இருப்பேன்" என்றான். கொஞ்சம் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

எனக்கு அந்தக் குரலைத் தெரியும் அண்ணா. கம்பள அறையில் தாளை வாசித்தது அந்தக் குரல். போனில் கத்தியதும் அதுதான். "உங்க அக்கறைக்கு நன்றிம்மா" என்று என்னிடமே சொன்னான். பெற்றவளுக்கு நன்றி சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

நான் மட்டும் என்ன கிழித்தேன்? "நல்லது, அதிகாரிகள் சொல்றபடி கேட்டு நடந்துக்கோப்பா" என்றேன். பாட்டு ஒப்பிக்கிற மாதிரி என் வாயும் சொல்லிவிட்டது. நேரம் முடிந்தது. துண்டு கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னான்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நீ வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவன். நடிப்பு எது, நிஜம் எது என்று உனக்குத் தெரியும். நீயே சொல்லு. அவன் பேசியதில் ஒரு வார்த்தையாவது எனக்கு இருந்ததா?


ஜூன் 14

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே கிளம்பி அந்த இல்லத்துக்குப் போனேன். அந்த அறையைத் திறக்கச் சொன்னேன். இந்த வேலை எனக்கு அத்துப்படி. மேசைக்கு அடியில் தடவினேன். விளக்கின் மூடியைக் கழற்றினேன். ஸ்விட்சுப் பெட்டி, ஜன்னல் சட்டம், நாற்காலிக் கால் என்று ஒன்று விடவில்லை. ஏணி கொண்டுவரச் சொல்லி மின்விசிறியையும் பார்த்தேன். முழங்கால் வலியில் உயிர் போனது. அந்தப் பெண் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், நாங்க கேட்கறதில்ல. கேட்டா யாரும் பேசமாட்டாங்கன்னுதான் விதியே மாத்தினாங்க" என்றாள். கொஞ்சம் மனம் நொந்துதான் சொன்னாள்.

அவள் சொன்னது நிஜம். அந்த அறையில் ஒன்றும் இல்லை. வெளியே ஒரு காவலர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஒரு சத்தமும் அவர் காதில் விழாது. நானே வெளியே நின்று பார்த்தேன், கேட்கிற காதை வைத்து.

ஏணியிலிருந்து இறங்கி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெரு வளைப்பதை விட்டுவிட்டோம், ஒட்டுக்கேட்பதை விட்டுவிட்டோம், கோப்பை மூடுவதை விட்டுவிட்டோம் என்று நாங்கள் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறோம். அந்தச் சுற்றறிக்கை உங்களுக்கு யாரும் அனுப்பவில்லை. நாங்கள் எழுந்து போய்விட்டோம். நீயும் அவனும் இன்னும் எங்களிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: ஒரு வார்த்தைகூட உனக்கு இல்லை. மறைத்து என்ன பயன்? அவனுக்கு நீ சொன்னதிலும் இல்லை.

அவனைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், தாழ்வாரத்திலிருந்து. பட்டறையில் ஒரு பழைய ஃபேனைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான், முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிடவா என்றாள் அந்தப் பெண். வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் அதற்கப்புறம் நிறைய இருந்தது.

அண்ணன்


ஜூன் 20

அண்ணா,

நேற்று மறுபடி போனேன். உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன், ஏணியில் ஏறியது உட்பட. மின்விசிறி வந்த இடத்தில் அவனும் மேலே பார்த்தான். பிறகு, "மாமா பார்த்தாராம்மா?" என்றான். முதல் தடவையாகக் குரல் இறங்கியிருந்தது.

"பார்த்தான்டா. ஒண்ணும் இல்லையாம்."

"மாமா ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, நம்பறதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அழுகிற மாதிரியான சிரிப்பு. அவ்வளவுதான், அதற்கப்புறம் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். சாப்பாடு நல்லா இருக்கு, எல்லாரும் மரியாதையா நடத்துறாங்க. நானும் நல்லதுப்பா, நல்லதுப்பா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். கேட்கிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாததுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வியாதி. சுவரில் இல்லை, விளக்கில் இல்லை, விசிறியில் இல்லை என்று நீ எத்தனை ஏணி ஏறிச் சொன்னாலும் எங்களுக்கு இறங்காது. இல்லை என்றால் எங்கே என்றுதான் மனசு தேடும். நீ வா. வந்து எங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார். கேட்கிறவன் இதோ இருக்கிறான் என்று அவன் கண்ணால் பார்க்கட்டும். இத்தனை வருடம் ஒளிந்திருந்து கேட்டாய். ஒரு தடவை எதிரில் உட்கார்ந்து கேள். அவன் உன்னைத் திட்டலாம். திட்டினால் நல்லது. அது நிஜமான பேச்சாக இருக்கும். நானும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறேன்.

முதுகைப் பார்த்துவிட்டு ஓடிவருகிற வேலையெல்லாம் இனிமேல் வேண்டாம்.

சனிக்கிழமை காலை பார்வையாளர் நேரம். கேட் பக்கத்தில் நிற்கிறேன். கால்சட்டையையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், இடுப்பில் இன்னும் கொஞ்சம் துணி விட்டு வைத்திருக்கிறேன். கேட்கிற காது அவன் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்.

வாயாடி